வீகன் கம்பூட்ஸ்: மாடு இல்லை, சரி, மற்றது?

மழைக்காலம் நெருங்கினால் இணையக் கடைகளில் 'வீகன்' (மிருகத்திலிருந்து வந்த எதுவும் சேராதது) முத்திரையோடு ரப்பர் பூட்ஸ் வரிசைகட்டி நிற்கிறது. விலை பல ஆயிரம். கடலூர் முதுநகரிலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கமோ கயிற்றில் தொங்கும் கம்பூட்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் எந்த முத்திரையும் இருக்காது. ஆனால் மாடு, ஆடு, தேனீ என்ற கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கயிற்றில் தொங்குவதும் அநேகமாக வீகன்தான். சொல்லிக்கொள்ள ஆளில்லை, அவ்வளவுதான்.

தோல் செருப்பில் மிருகம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. ரப்பர் பூட்ஸில் தேடித்தான் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் நான்கைந்து. விலை உயர்ந்த மாடல்களில் மேல்விளிம்புப் பட்டை, பக்கிள் வார் ஆகியவை தோலாக இருக்கலாம். குளிர் நாட்டுக்காகச் செய்தவற்றில் உள்ளே கம்பளி இருக்கும். இன்சோல் அட்டையில் தோல் தூளை ஒட்டி அழுத்திய பலகை வரலாம். பசையில் எலும்புப் பசையோ பாலிலிருந்து எடுக்கும் கேசீனோ இருக்க வாய்ப்புண்டு. இன்று பெரும்பாலும் செயற்கைப் பசைதான். கடைசியாக, கண்ணுக்கே தெரியாத ஒன்று: ஸ்டீரிக் அமிலம்.

ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைக்கும்போது துத்தநாக ஆக்சைடு வேலை செய்ய ஒரு கொழுப்பு அமிலம் தேவை. அதற்குத்தான் ஸ்டீரிக். அது மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரும், பாமாயிலிலிருந்தும் வரும். இரண்டும் ஒரே மூலக்கூறு. வெந்து முடிந்த பூட்ஸை வெட்டிப் பார்த்து எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. சரக்கு வாங்கிய ரசீதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போடலாம். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி ஏறக்குறைய இரண்டு கிலோ. உள்துணியையும் இன்சோலையும் கழித்தால் 1.7 கிலோ ரப்பர் கலவை. வழக்கமான கலவையில் ரப்பர் 100 பங்கு என்றால், சுண்ணத்தூள், களிமண், கார்பன் பிளாக் எல்லாம் சேர்த்து 80 பங்கு வரை, துத்தநாக ஆக்சைடு 5, கந்தகம் 2, ஸ்டீரிக் ஒன்றரை முதல் இரண்டு, எண்ணெய், ஆன்டிஆக்சிடன்ட், வேக ஊக்கிகள் மீதி. ஆக ஒரு ஜோடியில் ஸ்டீரிக் சுமார் 15 கிராம். வீகன் முத்திரை பெரும்பாலும் இந்த 15 கிராமைப் பற்றியதுதான். அந்த 15 கிராம் பாமாயிலுக்கு மாறியதும் முத்திரை கிடைத்துவிடும். அந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்காக எந்தக் காடு போனது என்பதை அந்த முத்திரை கேட்காது.

இதை வீகன்காரர்களைக் கிண்டல் செய்யச் சொல்லவில்லை. 1944-ல் இங்கிலாந்தில் வீகன் சொசைட்டி தொடங்கியபோது வைத்த கேள்வி மிருகத்தைப் பற்றியது. அந்தக் கேள்விக்கு அது நேர்மையாகவே பதில் தேடுகிறது. கடையில் கேட்க விரும்புகிறவர்கள் நேரடியாக மூன்று கேள்வி கேட்டால் போதும். கலவையில் போடும் ஸ்டீரிக்கும், அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவும் துத்தநாக ஸ்டீரேட்டும் தாவரத்திலிருந்து வந்தவையா? இன்சோலில் தோல் தூள் உண்டா? பசையில் கேசீனோ மிருகப் பசையோ உண்டா? தயாரிப்பாளர் எழுத்தில் பதில் தந்தால் நல்லது. 'நூறு சதவீதம் இயற்கை' என்று பதில் வந்தால், கேள்வியே புரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மேலே போட்ட கணக்குப்படி நல்ல ரப்பர் பூட்ஸிலேயே ரப்பர் பாதிதான்.

அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் கன்னியாகுமரி மாவட்டம். கன்று நட்டு ஏழு ஆண்டு போல ஆன பிறகு, மரத்தின் சுற்றளவு 50 செ.மீ. வந்தால்தான் கத்தி வைப்பார்கள். விடியுமுன் பால்வெட்டு: பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய சீவல், கீழே சிரட்டை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் வேலை இருட்டிலேயே நடக்கும். மழை பெய்தால் பால் கழுவிக்கொண்டு போகும். அதற்காக மரத்துக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டுவார்கள். கிடைத்த பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஃபார்மிக் ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, ஷீட்டாக்கி, விறகுப் புகையில் உலர்த்துவார்கள்.

நம் நாட்டின் சராசரி விளைச்சல் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1,500 கிலோவை ஒட்டி. ஹெக்டேருக்கு 400 மரம், ஆண்டுக்கு நூற்றுப்பத்து வெட்டு என்று வைத்தால், ஒரு மரம் ஒரு வெட்டுக்கு 34 கிராம் உலர்ந்த ரப்பர் தருகிறது. நமது ஜோடியில் இருக்கும் ரப்பர் 870 கிராம். அதாவது 25 வெட்டு. ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டும் தோட்டத்தில், ஒரே மரத்திடம் ஏறக்குறைய இரண்டு மாதம் கேட்டு வாங்கிய பால். எந்த மிருகமும் சாகவில்லை. ஆனால் 25 விடியற்காலை யாரோ ஒருவர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறியிருக்கிறார். ரப்பர் விலை விழும் ஆண்டுகளில் முதலில் அடிபடுவது அந்தக் கூலிதான். வீகன் முத்திரைக்குள் அவர் வரமாட்டார். அதற்கு நியாய வணிக முத்திரையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

காட்டுக் கணக்கு இன்னொன்று. இந்தியா ஆண்டுக்கு சுமார் எட்டரை லட்சம் டன் இயற்கை ரப்பர் உற்பத்தி செய்கிறது. தேவையோ 14 லட்சம் டன். மீதி தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இறக்குமதி. 1993-க்குப் பிறகு தென்கிழக்கு ஆசியாவில் மட்டும் ரப்பருக்காக 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காடு அழிந்திருக்கிறது என்று 2023-ல் 'நேச்சர்' இதழில் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டத்தில் ரப்பரும் இருக்கிறது; 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு வெட்டிய நிலத்திலிருந்து வந்த சரக்கை அங்கே விற்கக் கூடாது என்பது விதி, நடைமுறைக்கு வருவதுதான் தள்ளித் தள்ளிப் போகிறது. காடு இருந்த இடத்தில் யானையும் குரங்கும் இருந்தன. அவை பூட்ஸுக்குள் போகாததால் பூட்ஸ் வீகன்.

ஒரு சின்ன விசித்திரம்: மார்த்தாண்டம் தேனின் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தேன். ரப்பர் இலை துளிர்க்கும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும், பூவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வீகன் பூட்ஸுக்குப் பால் தரும் அதே மரம்தான் வீகன்கள் தொடாத தேனையும் தருகிறது.

இனி மலிவுப் பக்கம். கயிற்றில் தொங்குவது ரப்பர் அல்ல, பிவிசி என்ற பிளாஸ்டிக். பிவிசி நமக்கு எங்கோ தொலைவில் செய்யும் பொருளும் அல்ல. கடலூர் சிப்காட் பகுதியிலேயே 2009 முதல் பிவிசி பிசின் தயாராகிறது. அதன் மூலப்பொருளான வினைல் குளோரைடு கப்பலில் வந்து கரைக்குக் குழாய் வழியே இறங்குகிறது. இந்தியாவில் பிவிசியில் பெரும்பங்கு குழாய்க்குப் போகிறது. செருப்பும் பூட்ஸும் மிச்சத்தில் ஒரு பகுதி. வினைல் குளோரைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் வைத்திருக்கிறது. பிசினாக மாறியபின் அந்த ஆபத்து மிகவும் குறைந்துவிடும். ஆலையிலும் குழாயிலும் கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் முழுப் பொறுப்பும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் வெளியிட்ட கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் கடலூரும் இருந்தது. அது ஒரு ஆலையின் கணக்கல்ல, மருந்து, சாயம், ரசாயனம் என்று மொத்த வளாகத்தின் கணக்கு. பிவிசியின் அறத்தைப் பேசுகிறவர்கள் குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் ஒருமுறை மூச்சு விட்டுவிட்டுப் பேசலாம்.

சுத்தமான பிவிசி குச்சி போல விறைப்பானது. காலுக்கு வளைய வேண்டுமென்றால் மென்மையாக்கும் எண்ணெய் சேர்க்க வேண்டும். பூட்ஸ் எடையில் மூன்றில் ஒரு பங்கு அதுவே. வியாபாரத்தில் அதிகம் புழங்குவது டிஓபி, தாலேட் என்ற ரசாயன வகையில் ஒன்று. இந்த வகையைச் சேர்ந்த நான்கு தாலேட்டுகள் 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்தப் பொருளை ஐரோப்பாவில் 2020 ஜூலை முதல் சந்தைக்குக் கொண்டுவர முடியாது. இந்த எண்ணெய் பிசினோடு வேதியியலாகப் பிணைவதில்லை. மெல்ல மெல்ல வெளியேறும். பழைய பூட்ஸ் பிசுபிசுப்பாகி, அப்புறம் விறைத்து, கணுக்கால் மடிப்பில் வெடிப்பதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் ரப்பர் நல்லது, பிவிசி கெட்டது என்று முடித்துவிடலாமா? நம் ஊருக்கு அது ஒத்துவராது. மீன் இறங்குதளத்திலும் ஐஸ் கம்பெனியிலும் இறால் பதனிடும் கூடத்திலும் நிற்கிறவருக்கு இயற்கை ரப்பர் பூட்ஸ் வாங்கித் தருவது வீண். மீன் கொழுப்பும் டீசலும் பட்டால் இயற்கை ரப்பர் ஊறிப் பெருத்து, சில மாதத்தில் சோல் (அடிப்பாகம்) கழன்றுவிடும். அங்கே நைட்ரைல் (எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர்) கலந்த பிவிசிதான் நிற்கும். வயலில், வெள்ளத்தில், சாக்கடைச் சேற்றில் நடக்கிறவருக்கு ரப்பர் மேல்: நன்றாக வளையும், ஈரத் தரையில் பிடி அதிகம். எலிக்காய்ச்சல் கிருமி ஊறிய தோல் வழியாகவும் சிராய்ப்பு வழியாகவும் நுழையும். கண்ணாடி விரியன் கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலைச் சுற்றியும்தான் விழும். இந்த இரண்டுக்கும் எதிரே முழங்கால் உயர பூட்ஸ், எதில் செய்ததானாலும், வெறுங்காலைவிட நூறு மடங்கு மேல். தண்ணீர் பூட்ஸ் விளிம்புக்கு மேலே ஓடும் இடத்தில் மட்டும் இறங்கக் கூடாது; நிரம்பிவிட்டால் காலை இழுக்கும், கழற்றவும் வராது.

மிக லேசான பாலியூரிதேன் பூட்ஸும் விற்கிறார்கள். போட்டால் சுகம். ஆனால் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பொருள் தானாகவே உடையும். நான்கைந்து ஆண்டு பெட்டியில் சும்மா கிடந்ததை எடுத்து மாட்டினால் சோல் பிஸ்கட் மாதிரி உதிரும். கடலோரத்தில் அதைச் சேமித்து வைக்க வாங்கக் கூடாது.

எது எது என்று கண்டுபிடிப்பது சிரமமில்லை. ஐஎஸ்ஐ முத்திரையின் கீழே எண்ணைப் பாருங்கள்: 5557 என்றால் ரப்பர், 12254 என்றால் பிவிசி. எண் இல்லாவிட்டால் மேல்விளிம்பை இரண்டாக மடித்து அரை நிமிடம் பிடித்து விடுங்கள். ரப்பர் துள்ளி நேராகும். பிவிசியில் மடிப்புக் கோடு கொஞ்ச நேரம் நிற்கும். பிவிசி அச்சில் ஊற்றியது என்பதால் முன்னும் பின்னும் நேராக ஒரு அச்சுக்கோடு ஓடும். ரப்பர் பூட்ஸ் துண்டு துண்டாக வெட்டிய ஷீட்டைக் கையால் அச்சுக்காலின் மேல் ஒட்டி, பிறகு நீராவிக் கலனில் வேகவைத்தது. சோலைச் சுற்றி ஒட்டிய பட்டையின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும். இன்னும் சந்தேகமென்றால், செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அடியில் சீவிய கடுகளவுத் தூளைத் தொட்டுத் தீயில் காட்டினால் பிவிசிக்கு சுடர் பச்சையாக எரியும். அதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், முகர்ந்து பார்க்க வேண்டாம்.

இப்போது, விற்பவர்கள் பேசாத விஷயம். இந்தக் கரையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. 2011 தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் எல்லாம் அந்தக் கணக்கில்தான். ஆக வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பூட்ஸ் ஆண்டுக்கு இரண்டு மூன்று வாரம் நடக்கிறது; மீதி நாள் பரண் மேல் தூங்குகிறது. பத்து ஆண்டு வரவேண்டியது மூன்றாம் ஆண்டில் போனால், அதைக் கொன்றது மழை அல்ல, மே மாதத்துப் பரண். மூன்று முறை வாங்கியவர் மூன்று மடங்கு ரப்பரும் மூன்று மடங்கு துத்தநாகமும் செலவழித்தவர், முத்திரை எதுவானாலும்.

இயற்கை ரப்பரின் எதிரி ஓசோன். காற்றில் இருக்கும் சிறிதளவே போதும், ரப்பர் இழுபட்டு நிற்கும் இடத்தில் மயிரிழை வெடிப்பாக வெட்டும். பூட்ஸை இரண்டாக மடித்துச் சாக்கில் திணித்தால் மடிப்பு இழுபட்டே இருக்கும், வெடிப்பும் அங்கேதான் வரும். மோட்டார் ரூமிலும், வெல்டிங் பட்டறை மூலையிலும் வைக்கக் கூடாது. தீப்பொறி விடும் மின்கருவிகள் ஓசோனை உண்டாக்கும். வெள்ளம் வடிந்ததும் மொட்டை மாடி வெயிலில் காயப்போடுவது அடுத்த தவறு. செய்ய வேண்டியது: நல்ல தண்ணீரில் உப்பும் சேறும் போகக் கழுவி, உள்ளே சோப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றி, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணிக்கொரு முறை தாளை மாற்றி, நிழலில் உலர்த்துவது. சாக்கடைத் தண்ணீர் பட்டிருந்தால் பிளீச்சிங் கரைசலில் பத்து நிமிடம் வைத்து உடனே கழுவிவிடலாம். இரவு முழுக்க ஊறவைத்தால் குளோரின் ரப்பரையே தின்னும். தார் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள். சமையலெண்ணெயும் வேண்டாம்.

புது ரப்பர் பூட்ஸில் சில மாதத்தில் சாம்பல் பூத்தது போல வெள்ளைப் படலம் வரும். பூஞ்சை என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. அது கலவையில் போட்ட மெழுகு மேலே வருவது. ஓசோனைத் தடுப்பதற்கென்றே போட்டது. பரணில் ஏற்றும்போது அதை அப்படியே விட்டுவிடுங்கள். உள்ளே தாள் திணித்து, நிமிர்த்தி, கறுப்புப் பையில் மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். பிவிசிக்கும் அதே இடம்தான் நல்லது. வெப்பம் ஏற ஏற எண்ணெய் வேகமாக வெளியேறும்.

ஓட்டை விழுந்தால் ரப்பர் பூட்ஸை சைக்கிள் பஞ்சர் கடையிலேயே ஒட்டலாம். முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள்: மேல்வாயை இறுகச் சுருட்டிக் காற்றை அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கினால் குமிழி காட்டும். முழுக்க உலர்ந்த பிறகு அந்த இடத்தை உப்புத்தாளால் மெழுகுப் படலம் போகத் தேய்க்க வேண்டும். பாட்ச் பெயர்ந்து வருவதற்குப் பாதிக் காரணம் இந்தப் படலம்தான். பாட்சையும் தேய்த்து, இரண்டிலும் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, இன்னொரு பூச்சு கொடுத்து, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் வைத்துத் தட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் உள்ளே கரைப்பான் ஆவி அடைபட்டு, கொப்புளம் கட்டி விடும். ஒரு நாள் கழித்துத்தான் தண்ணீரில் இறங்கலாம். கணுக்கால் மடிப்பில் வந்த ஓசோன் வெடிப்புக்கு இந்த வைத்தியம் நிற்காது. ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

பிவிசியில் சைக்கிள் சொல்யூஷன் பிடிக்காது. குழாய் ஒட்டும் சிமெண்ட் பிடிக்கும், ஆனால் காய்ந்தால் விறைத்து, வளையும் இடத்தில் பிளக்கும். பாதத்தின் பக்கவாட்டு போன்ற அசையாத இடத்துக்கு மட்டும் சரி. நெகிழும் வினைல் பசையும் பழைய பிவிசி பூட்ஸிலிருந்து வெட்டிய துண்டும் கிடைத்தால் மடிப்பிலும் கொஞ்ச காலம் ஓடும்.

கடைசியில் எங்கே போகிறது? இங்கே பிவிசிக்கு ஒரு சாதகம் உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரர் பிவிசி செருப்பையும் பூட்ஸையும் எடைக்கு எடுப்பார். அரைத்து உருக்கி மறுபடி செருப்பாகிறது. அதிலும் ஒரு சிக்கல்: பழைய பிவிசியில் ஈயம் கலந்த நிலைப்படுத்திகள் இருந்திருக்கலாம், அரைத்தால் அவையும் கூடவே வரும். மிகவும் மலிவான கருப்பு மறுசுழற்சிச் செருப்பைக் குழந்தைக்கு வாங்காமலிருப்பது நல்லது. கந்தகம் போட்டு வெந்த ரப்பரோ உருகாது. அரைத்து ரிக்ளைம் (மறுபடி பயன்படும் ரப்பர்) ஆக்கும் ஆலைகள் டயரைத்தான் தேடும். உள்ளே துணி ஒட்டிய பூட்ஸைத் தொடமாட்டார்கள். 'இயற்கை ரப்பர், மண்ணில் மக்கும்' என்ற வாசகத்தையும் நம்ப வேண்டியதில்லை. மரத்துப்பால் மக்கும், கந்தகப் பிணைப்பும் ஆன்டிஆக்சிடன்டும் சேர்ந்த பூட்ஸ் உங்களுக்குப் பின்னும் மண்ணில் கிடக்கும். குப்பையோடு சேர்த்து எரிப்பது இரண்டுக்கும் மோசம். பிவிசிக்கு இன்னும் மோசம்: ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை, கூடவே டையாக்சின். உயரப் பகுதி வெடித்துப் போனால் கணுக்காலோடு வெட்டித் தோட்டத்துச் செருப்பாக்கலாம். வெட்டிய ரப்பர் குழலை நீளவாக்கில் கீறினால் பம்புசெட் குழாய்க்கு வாஷரும் இரும்புக் கட்டிலுக்குக் கால்திண்டும் வரும்.

நூற்றுக்கணக்கில் வாங்குகிறவர்கள் தனி மனிதர்கள் அல்ல; நகராட்சி, பேரூராட்சி, துப்புரவு ஒப்பந்தக்காரர்கள். வீட்டுக்காரர் இரண்டு வாரம் போடுவதை ஒரு தூய்மைப் பணியாளர் ஆண்டு முழுக்கப் போடுகிறார். விலைப்புள்ளி கேட்கும் தாளில் 'கம்பூட்ஸ், 200 ஜோடி' என்று மட்டும் எழுதினால் கடையில் இருப்பதிலேயே மலிவானது வரும், அதுவும் ஒரே அளவில். எழுத வேண்டியது: ஐஎஸ் எண், உயரம், தாலேட் இல்லாத பிவிசியா ரப்பரா என்பது, உள்துணி பருத்தியா, ஆணி குத்தாத நடுத்தகடு உண்டா, அளவுவாரியாக எத்தனை ஜோடி. பெண் தொழிலாளர்களுக்கு 4-ம் 5-ம் வேண்டும். 8-ஆம் நம்பரைக் கொடுத்தால் நடக்க முடியாமல் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் சாக்கடையில் இறங்குவார்கள். ஆளுக்கு இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று உலரும்போது மற்றொன்றைப் போடலாம். ஈரம் காயாத ஒரே ஜோடியைத் தினமும் மாட்டினால் சேற்றுப்புண் வரும், துணியும் அழுகும். இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால் அவை தனித்தனியாக ஓடுவதைவிட அதிக நாள் ஓடும்.